விசிலுக்குக் குரல்நாண் வேண்டாம்

எங்கள் பள்ளி கோ-கோ அணியில் ஓடும் ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் முதலில் பார்த்தாள். மைதானத்து வேப்பமரத்தடியில் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "மிஸ், உங்க கழுத்துல ஒரு உருண்டை ஏறி எறங்குது" என்றாள். விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும் கட்டி பெரும்பாலும் தைராய்டாகத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கத்திக் கத்தித் தொண்டை வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். உடற்கல்வி ஆசிரியைக்கு வேறென்ன தோன்றும்? இருபத்தோரு வருடமாக மைதானத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலைக்குக் கத்தியே சம்பளம் வாங்கியவள் நான்.

பிறகு ஒருவழியாக மருத்துவரிடம் போனபோது, ரத்தத்தில் தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். சரியாகவே இருந்தது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டிகள். இடப்பக்கத்தது நான்கு சென்டிமீட்டர். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் 'சந்தேகம்' என்று எழுதி வந்தது. சுரப்பியை முழுசாக எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. (எடுத்த பிறகு வந்த பயாப்சியில் புற்றுநோய் இல்லை. அந்த நிம்மதியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, தழும்பு. "தாலிக்கொடி மறைச்சிரும், விடுங்க அண்ணி" என்று நாத்தனார் தேற்றினாள். அறுவை செய்த மருத்துவரும் தழும்பு கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போய்விடும் என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினார். குரலைப் பற்றி ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது. மயக்க மருந்து, ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்று போகும் பட்டியலில் கடைசிக்கு முன்னால். கையெழுத்துப் போட்டேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் கேட்காததைவிட நான் சொல்லாததுதான் இன்றும் உறுத்துகிறது.

குரல்நாண்களை அசைக்கும் நரம்பு வரும் வழி ஒரு விநோதம். மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு குரல்வளையைத் தாண்டி நேரே கீழே போய்விடுகிறது. அதிலிருந்து பிரியும் கிளை, இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் மகாதமனியைச் சுற்றிக்கொண்டும், வலப்பக்கத்தில் கைக்குப் போகும் தமனியைச் சுற்றிக்கொண்டும் மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டு ஓடி வா என்று பிள்ளைகளை விரட்டுவேனே, அந்த மாதிரி. வரும் வழியில் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், தைராய்டின் முதுகை உரசியபடி வருகிறது. பருமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர் (காலன் என்று உச்சரித்தால் நமக்கு வேறு ஆள் ஞாபகம் வரும்), கதறிக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்புகளைக் கட்டி, அதன் சத்தம் சட்டென்று நின்றுபோவதைக் கூடியிருந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறார்.

சுரப்பியின் மேல்முனையை ஒட்டி இன்னொரு மெல்லிய நரம்பு போகிறது. குரலை உச்சத்துக்கு ஏற்றும் தசைக்கு அதுதான் கட்டளை கொடுக்கிறது. அதில் அடிபட்டால் பேச்சு வரும். மேல் ஸ்தாயி வராது, தூரத்தில் போகிறவரைக் கூப்பிட முடியாது. ஓபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சிக்கு 1935இல் சிகாகோவில் கழலை அறுவை நடந்தது. அந்த நரம்பு போனதால்தான் அவர் பாட்டு முடிந்தது என்று அறுவை மருத்துவம் படிப்பவர்களுக்குப் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் குரல் அதற்கு முன்பே தளர ஆரம்பித்திருந்தது என்று மறுத்து எழுதியவர்களும் உண்டு. கதை எப்படியோ, பாடுகிறவர்களும் என்னைப் போலக் கத்துகிறவர்களும் இந்த நரம்பைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு அடிபட்டது முதல் நரம்பு, இடப்பக்கம். கண் விழித்து "தண்ணி" என்றேன். காற்றுதான் வந்தது. "ட்யூப் போட்டதால தொண்டை புண்ணா இருக்கும், நாலு நாள்ல சரியாயிரும்" என்றார்கள். பல பேருக்கு அது உண்மைதான், அப்படியே சரியாகியும் விடும். எனக்கு நாலு நாள் பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று. நான்கைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு தீர்ந்துவிடும். சோறு இறங்கும், ரசம் புரையேறும். அழுத்தி இருமச் சொன்னால் இருமல் புஸ்ஸென்று போகும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதை மகன் எடுத்துக்கொண்டான். நஷ்டம்தான்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று இரண்டு விஷயம் புரிந்தது. விசில் முன்போலவே அலறியது! அதற்குக் காற்று போதும், குரல்நாண்கள் சேர வேண்டியதில்லை. சந்தோஷத்தில் நாலு கிலோ இரும்புக் குண்டை எடுத்து எறியப் போனேன். கை ஓங்கியது, உடம்பில் பலமே கூடவில்லை. பாரம் தூக்கும்போது நாம் மூச்சை நெஞ்சுக்குள் பூட்டிக்கொள்கிறோம். அந்தப் பூட்டு குரல்நாண்கள்தான் என்று இத்தனை வருடம் பயிற்சி கொடுத்த எனக்கே தெரிந்திருக்கவில்லை. சும்மா தொண்டை கட்டியிருந்தால் குண்டு எறிய முடியாமல் போகுமா? அன்று மாலையே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அறுவை முடிந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, "ஈ சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் வெள்ளையாக இரண்டு கோடுகள். ஒன்று ஓடி வந்தது. மற்றது சுவரோரம் நின்றுவிட்டது. "ரெண்டு வாரத்துலயே வந்திருக்கலாமே" என்றார். என் தவறுகளில் பெரியது இதுதான். குரல் இரண்டு வாரத்தில் தெளியாவிட்டால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் குரல்நாணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறுவைக் குறிப்பை வாங்கிப் படித்தார். நரம்பு அறுபடவில்லை. கட்டியோடு ஒட்டிக் கிடந்ததைப் பிரித்தெடுக்கும்போது இழுபட்டிருக்கிறது. நரம்பை முழுசாகக் காப்பாற்றினாலும் அது சில மாதம் வேலைநிறுத்தம் செய்யலாம் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பழகிய கைகளில்கூட நூற்றில் சிலருக்குத் தற்காலிகமாக இப்படி ஆகிறது. ஒன்றிரண்டு பேருக்கு நிலைத்துவிடுகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் வரை காத்திருந்து பார்ப்பார்கள். அதுவரை தாங்காதவர்களுக்கு, அசையாத குரல்நாணுக்குப் பக்கத்தில் ஜெல் போன்ற மருந்தை ஊசியால் செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளலாம். சில மாதத்தில் அந்த ஜெல் கரைந்துவிடும். நரம்பு வரவே வராது என்று தெரிந்தால் வெளியிலிருந்து சிறு துண்டை வைத்து நிரந்தரமாகத் தள்ளும் அறுவையும் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் மரத்துப்போக மட்டும் ஊசி போட்டுச் செய்கிறார்கள். நம்மைப் பேசச் சொல்லி, குரலைக் கேட்டுக் கேட்டு அளவு பார்க்கிறார்களாம், தையற்காரர் ரவிக்கைக்குப் பார்ப்பதுபோல.

நான் ஊசி வேண்டாம் என்று குரல் பயிற்சிக்குப் போனேன். டம்ளரில் பாதி தண்ணீர், அதில் உறிஞ்சு குழாய், குமிழி விட்டபடியே "ஊ". சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், தினம் ஐந்தாறு வேளை செய்ய வேண்டும். வராத குரலை முக்கி வரவழைக்கக் கூடாது என்பது முதல் கட்டளை. கழுத்துத் தசைகள் இறுகி, நரம்பு திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகாதாம். தண்ணீர் குடிக்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டேன், புரையேறுவது பாதி குறைந்தது. இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி வாங்கினேன். பிள்ளைகள் அதற்கு 'கண்டக்டர் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

இனி அறுவைக்குப் போகிறவர்களுக்கு. உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்: பாட்டு, வகுப்பு, ஏலம், மாடு மேய்ப்பது, எதுவானாலும். அறுவைக்கு முன்பே குரல்நாண்களைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே அசையாமல் இருந்தும் சிலருக்குக் குரல் நன்றாகவே இருக்கும். அது தெரியாமல் மறுபக்கத்தில் அடிபட்டால் பிரச்சினை பேச்சோடு நிற்காது, மூச்சுக்கு வந்துவிடும். மருத்துவரிடம், "வருஷத்துக்கு எத்தனை தைராய்டு செய்றீங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வருடத்துக்கு 25க்கு மேல் செய்கிறவர்களிடம் சிக்கல் குறைவு என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

நரம்பைக் கண்காணிக்கும் கருவி பற்றியும் கேட்கலாம். மயக்கத்துக்காகத் தொண்டையில் விடும் குழாயிலேயே மின்தகடுகள் இருக்கும். நரம்பைத் தொட்டால் இயந்திரம் ஒலி எழுப்பும். கருவி இருந்தால் நரம்பு தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி உறுதியாக நிரூபணமாகவில்லை. நரம்பைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வெட்டும் மருத்துவர்தான் முக்கியம். ஆனால் ஒரு பக்கம் எடுத்து முடித்ததும் ஒலி நின்றுபோனால், மறுபக்கத்தைத் தொடாமல் தையல் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்த அது உதவும். "அப்படி ஆனால் நிறுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நான் இன்று மருத்துவரைத் தேர்ந்தெடுப்பேன்.

முதல் நாள் இரவு கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். குரல் வராது, ஆகவே மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். உதடும் விரல் நுனியும் குறுகுறுத்தால் கால்சியம் குறைகிறது என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, பால்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார். ஏழாம் மாதம் திரையில் அந்த இடது கோடு லேசாகத் துள்ளியது. இப்போது வகுப்பறைக்குப் போதுமான குரல் இருக்கிறது, மைதானத்துக்குப் போதாது. பழைய குரல் இதுதானா என்று ஒப்பிட என்னிடம் இருப்பது, ஒரு விளையாட்டு விழா வீடியோவில் நான் மைக்கில் சொல்லும் ஆறு வினாடி மட்டும்: "நூறு மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்பவர்கள் உடனே வரவும்." உங்களுக்கு அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் இன்று இரவே போனை எடுத்து ஒரு பக்கம் படியுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள், வீட்டில் யாரையாவது உரக்கக் கூப்பிடுங்கள். பதிவு செய்து வையுங்கள்.