பாட்டு அவருடையது, மெட்டு?

கேள்வி: நெதர்லாந்தின் பெண் இசையமைப்பாளர் ஹென்ரியெட் போஸ்மான்ஸ் பற்றிப் படித்தேன். நம் கர்நாடக இசையில் அப்படி யாராவது உண்டா?
– வாசகி, தானா ராத்தா, கேமரன் மலை.

பதில்: போஸ்மான்ஸ் (1895–1952) நாஜிகளின் ஆக்கிரமிப்பில் மேடை மறுக்கப்பட்ட பியானோ கலைஞர், மெட்டையும் தானே அமைத்தவர். நம் பக்கம் முதலில் நினைவுக்கு வருபவர் மதுரை அம்புஜம் கிருஷ்ணா (1917–1989). டி.வி.எஸ். குடும்பத்து மருமகள், நூற்றுக்கணக்கில் சாகித்தியம் எழுதினார். ஆனால் மெட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் வித்வான்கள்: வி.வி. சடகோபன், டி.என். சேஷகோபாலன் போன்றோர். ஆகவே ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அதனால் அவர் பெருமை குறையாது. ரீதிகௌளையில் ‘குருவாயூரப்பனே’ கேட்டவர்களுக்கு அது தெரியும். மெட்டும் தானே போட்டவர் வேண்டுமென்றால், சினிமாவில் பவதாரிணி. ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002) அவர் இசைதான். கேட்டுப் பாருங்கள்.