ஒரு நாள் இருந்தால்: திருச்சுழியா, அருப்புக்கோட்டையா?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பி இன்னும் 15 கிலோமீட்டர் போனால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. "ஒரு நாள்தான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போகலாம்?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம் வருகிறீர்கள்? இந்த வறண்ட காட்டில் ஊரைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்த வேலை. மாதம் தப்பினால் எந்த ஊருக்குப் போனாலும் வெயிலைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை ஊர் என்று கேள்விப்பட்டதும் மாற்றுத்துணியோடு குளிக்கக் கிளம்பி வருகிறவர்கள் உண்டு. மதுரை மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில் தொடங்கி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும் குண்டாறு முழுக்க முழுக்க மழையை நம்பிய ஆறு. வடகிழக்குப் பருவமழை ஓங்கி அடித்தால் சில நாள் செந்நீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும், நாணலும், இரு கரையிலும் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும்தான். காவிரியின் உபரி நீரை 262 கிலோமீட்டர் கால்வாய் வழியாக வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டுவரும் இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள்.

தண்ணீர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆற்றை விட்டுவிட்டுக் கண்மாய்க்குப் போங்கள். இந்தச் சீமையின் தண்ணீர் அறிவெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. விவசாயத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று பிரித்து வைத்திருந்தார்கள். கார்த்திகை கடைசியில், மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால், எந்தக் கிராமத்துச் சாலையில் போனாலும் கரைமேல் ஏறி நின்று பார்க்க ஒரு கண்மாய் கிடைக்கும். நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்து இறங்கியிருக்கும். மடையைத் திறக்கிற நாளாக வாய்த்தால் நின்று பாருங்கள்.

இனி மாதக் கணக்கு. என் தேர்வு மார்கழி. கரிசல் காடு பச்சையாக இருப்பது அப்போதுதான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரி வெள்ளாமை அப்போது நின்று விளையும். மக்காச்சோளம், பருத்தி, குதிரைவாலி, நடுநடுவே வெள்ளைப்பூ பூத்த மல்லிக் காடு. காலையில் அந்தக் காட்டோரம் நடந்தால் வரும் மணம் கடையில் வாங்கும் கொத்தமல்லிக் கட்டில் வராது. அதோடு திருச்சுழிக் கோயிலில் திருவாதிரை. மாத இறுதியில் பனங்கிழங்கும் வந்துவிடும்.

ஆனால் மல்லிகைப்பூவுக்காக வருகிறவர்களுக்கு மார்கழி ஆகாது. பனி விழுந்தால் செடி அரும்பு கட்டாது. வரத்து குறைந்து விலை எங்கோ போய் நிற்கும். பூவுக்குப் பங்குனி, சித்திரைதான் காலம். விடியுமுன் அரும்பு பறித்துச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும். மதுரை மல்லி என்ற புவிசார் குறியீட்டுக்குள் விருதுநகர் மாவட்டமும் அடங்கும் என்பதால், மதுரையில் முழம் போட்டு வாங்குவது இந்தப் பக்கத்துக் காட்டில் பூத்ததாகவும் இருக்கலாம். பதநீரும் நுங்கும் அதே கோடையில்தான். அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கலும் அப்போதே வரும். அம்மன் கோயில்களைச் சுற்றி ஊரே திரண்டு நிற்கும். ஆக, கோயிலும் காடும் வேண்டுமென்றால் மார்கழி, பூவும் திருவிழாவும் வேண்டுமென்றால் பங்குனி. ஆனி, ஆடியில் வர வேண்டாம். புழுதிக்காற்று கண்ணைத் திறக்க விடாது.

மாதம் முடிவாகிவிட்டால், அரை நாள் மட்டுமே உள்ளவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் திருச்சுழி. மாவட்டத்துக்கு வெளியே இந்த ஊரின் அருமை இன்னும் போதுமான அளவு தெரியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

திருமேனிநாதர் கோயில் பாண்டிய நாட்டின் பதினான்கு பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. அம்மன் துணைமாலை நாயகி. பிரளய வெள்ளம் நாட்டை மூழ்கடிக்க வந்தபோது, சிவன் சூலத்தால் பூமியில் துளையிட்டு வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். ஆண்டில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆற்றின் கரையில் நின்று இந்தக் கதையைக் கேட்பது தனி அனுபவம். சுந்தரர் இங்கே வந்து பாடியவர். அன்றிரவு மடத்தில் தங்கியபோது, கையில் செண்டு ஏந்திய காளைப் பருவத்து இளைஞனாக இறைவன் கனவில் தோன்றித் தன் இருப்பிடம் கானப்பேர் என்று சொல்ல, மறுநாள் அவர் காளையார்கோவிலுக்குப் பயணப்பட்டார் என்கிறது பெரியபுராணம். இரண்டு நாள் இருப்பவர்கள் அதே தடத்தில் சிவகங்கைப் பக்கம் போய்க் காளையார்கோவிலையும் பார்த்துவிடலாம்.

கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது சுந்தர மந்திரம். ரமண மகரிஷி பிறந்த வீடு. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன இரவு. வீதி உலா போன சுவாமி கோயிலுக்குத் திரும்பும் நேரம், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வேங்கடராமன் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் இந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். வீட்டில் ஒரு பகுதியை வருகிறவர்களும் போகிறவர்களும் தங்குவதற்கென்றே ஒதுக்கியிருந்தார். ஆறு வயதில் அப்பாவின் பழைய வழக்குக் காகிதங்களைக் கப்பல் செய்து விட்டு, அவர் திட்டியதும் பையன் காணாமல் போய்விட்டான். தேடித்தேடிக் கடைசியில் அம்மன் சன்னிதியில், சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்தார்கள். வீட்டையும் கோயிலையும் தனித்தனியாகப் பார்க்காமல், வீட்டிலிருந்து அம்மன் சன்னிதி வரை நடந்து பாருங்கள். அந்தப் பிள்ளை ஓடிய தூரம் எவ்வளவு குறைவு என்பது காலுக்கே தெரியும். 1896இல் திருவண்ணாமலை போன பிறகு அவர் இந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

திருவண்ணாமலை ஆசிரமத்தையும் இதையும் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. தியானத்தில் நீண்ட நேரம் உட்கார வேண்டும், நூலகம் வேண்டும் என்றால் திருவண்ணாமலைதான். ஒரு ஞானி சிறுபிள்ளையாக இருந்த தெருவைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் திருச்சுழி. மதுரை வழியாக வருகிறவர்கள் அங்கே சொக்கப்ப நாயக்கன் தெருவில் உள்ள ரமண மந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1896இல் அவருக்கு மரண அனுபவம் வாய்த்தது அந்த வீட்டின் மாடியில்தான்.

மாசியில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் கோயில் முன் உள்ள குளத்தில் தண்ணீர் படிப்படியாக ஏறும், பிறகு அதே போல இறங்கும் என்று ரமணர் பின்னாளில் நினைவுகூர்ந்ததை ஆசிரமத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிகளில் அடையாளம் போட்டு வைத்து, இன்றைக்கு எத்தனை படி மூழ்கியது என்று பார்ப்பார்களாம்.

அருப்புக்கோட்டைக்குப் போகிறவர்கள் பார்க்கும் இடங்களின் பட்டியலோடு போகக் கூடாது. 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கிய தொகுதி என்ற பெருமை ஊருக்கு உண்டு. ஆனால் ஊரின் உயிர் தறியில்தான். சேலை வாங்கக் கடைக்குப் போவதா, தறி ஓடும் தெருவுக்குப் போவதா என்றால் முதலில் தெருவுக்குப் போங்கள். விசைத்தறி பெருகிவிட்டது. கைத்தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. வெயில் ஏறுவதற்கு முன்னால் நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தால் ஓரமாக நின்று பாருங்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று பெரிய பிரஷ்ஷால் ஒரே சீராக நீவிக்கொண்டே போவார்கள். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே முறுக்கி இணைத்துவிட்டு அடுத்த அடி வைப்பார்கள். வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்து நூல் வெடவெடத்துவிடும், மழை வந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. உள்ளே திண்ணையில் வயதான அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். "அம்மா, பார்க்கலாமா?" என்று கேட்டு உள்ளே போனால் பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள். கேட்காமல் கைப்பேசியை நீட்டாதீர்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு பருத்திச் சேலைக்குப் பேரம் பேச உங்களுக்கு மனம் வராது.

சாப்பாட்டிலும் தங்குவதிலும் அருப்புக்கோட்டைதான் முந்தி நிற்கும். இரவானால் எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும். விருதுநகர் பரோட்டா என்று பெயர் பெற்றது இதுதான். கோடைப் பகலில் அதை விட்டுவிட்டுச் சாலையோரத்துக் கம்மங்கூழையும் மோர் மிளகாயையும் தேர்ந்தெடுங்கள், உடம்பு தாங்கும். திருச்சுழியில் மதியம் நடை சாத்திய பிறகு உட்கார்ந்து பொழுது போக்க இடம் குறைவு. அதனால் காலையில் திருச்சுழி, மதியச் சாப்பாட்டுக்கு அருப்புக்கோட்டை என்று வைத்துக்கொள்வது நல்லது. பாவு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முந்தின இரவே அருப்புக்கோட்டையில் தங்கிவிட வேண்டும்.

பழங்காலத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இரண்டு இடங்கள். திருச்சுழியை அடுத்து, அதே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம். சுந்தரபாண்டியன் என்ற பாண்டிய இளவரசனின் நினைவாக எழுந்த பத்தாம் நூற்றாண்டுப் பள்ளிப்படை இங்கே உள்ள காளைநாதர் கோயில். இறந்த அரச குடும்பத்தவருக்காகக் கட்டிய கோயில்களில் நம்மிடம் மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம். பாண்டிய நாட்டில் அதிலும் கொஞ்சம். இன்னொன்று அருப்புக்கோட்டைக்கு அருகில் கோவிலாங்குளம். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டோடு கூடிய சமணப் பள்ளியின் எச்சம், தீர்த்தங்கரர் திருமேனிகள். பள்ளிமடத்தைத் திருச்சுழிப் பயணத்தோடு எளிதாகச் சேர்த்துவிடலாம். கோவிலாங்குளத்துக்குத் தனியாக வண்டி வைத்துப் போக வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் பள்ளிமடம். ஆனால் சமணம் இந்தக் கரிசலில் வேர்விட்டிருந்ததை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கோவிலாங்குளத்தை விடக் கூடாது.

போகிற வழியில், குறிப்பாக நரிக்குடிப் பக்கம், காட்டுக்குள்ளிருந்து புகை எழும். தீப்பிடித்துவிட்டதென்று பதற வேண்டாம், கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுக்கிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் இந்தக் கரிதான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற கோபமும் இதே மக்களிடம் உண்டு.

வயதானவர்களோடு வந்தால் திருச்சுழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோயில், வீடு இரண்டும் நடக்கும் தூரம். பிள்ளைகளோடு வந்தால் தறித் தெருவும் கண்மாய்க் கரையும். தனியாக வருகிற வாசகர்கள், இந்தப் பக்கத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி'யைக் கிளம்புமுன் படித்துவிட்டு வரலாம். இந்த வெயிலை அதைவிட நெருக்கமாக எழுதிய நாவலை நான் படித்ததில்லை. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. அங்கிருந்து திருச்சுழிக்கு மாறிக்கொள்ளலாம். விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையும் இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது, ஆனால் வண்டிகள் குறைவு. நேரம் பார்க்காமல் நிலையத்துக்குப் போகாதீர்கள். முடிந்தால் திருச்சுழிக்கு முதல் பேருந்தைப் பிடியுங்கள். பள்ளிமடத்தையும் சேர்த்து, நடை சாத்துவதற்குள் எல்லாவற்றையும் ஆற அமரப் பார்த்துவிடலாம்.