நீண்ட நாள் உழைக்கும் கம்ப்யூட்டர்

புதிய சொற்கள்: பிராசஸர், ராம், எஸ்.எஸ்.டி., மதர்போர்டு, பவர் சப்ளை, வாரண்டி, ரசீது

தையல் மெஷின் வாங்கப் போகிறோம். என்ன செய்வோம்? சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்போம். ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்ப்போம். நூல் அறுகிறதா என்று கவனிப்போம். பிறகுதான் விலை பேசுவோம்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் வாய் மூடி நிற்கிறோம். "நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி விடுகிறோம். கடைக்காரர் சொன்னதே விலை. அவர் காட்டியதே சரக்கு.

மைசூரில் நம் வீடுகளுக்கும் இப்போது கம்ப்யூட்டர் வருகிறது. மகன் கல்லூரியில் படிக்கிறான். மகள் கணக்கு எழுதும் வேலை கற்கிறாள். வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஊதுபத்தி உருட்டிய காசு. சீட்டுப் பணம். சங்கத்தில் வாங்கிய கடன். அது இரண்டு வருடத்தில் வீணாகலாமா?

கூடாது. ஏமாறாமல் இருக்க நாம் இன்ஜினியர் ஆக வேண்டாம். நமக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். எண்ணுக்கு மொழி இல்லை. ஆங்கிலத்திலும் கன்னடப் பத்திரிகையிலும் தமிழிலும் 8 என்பது 8தான். அந்த எண்ணைக் கொண்டே நல்ல கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கலாம்.

1. முதலில் ஒரு கணக்கு

விலை குறைந்த பொருள் எப்போதும் மலிவான பொருள் அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு கம்ப்யூட்டரின் விலை 18,000 ரூபாய். அது 2 வருடம் உழைக்கிறது. வருடத்துக்கு 9,000 ரூபாய் ஆகிறது.

இன்னொன்றின் விலை 30,000 ரூபாய். அது 6 வருடம் உழைக்கிறது. வருடத்துக்கு 5,000 ரூபாய்தான்.

எது மலிவு? நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக, விலை கூடியதெல்லாம் உழைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பளபளக்கும் பெட்டி, உள்ளே எரியும் கலர் விளக்கு, இவற்றுக்கும் காசு வாங்குவார்கள். விளக்கு பாடம் சொல்லித் தராது. உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் காசு கொடுங்கள்.

மேசைக் கம்ப்யூட்டரா, லேப்டாப்பா? தினமும் கல்லூரிக்குத் தூக்கிப் போக வேண்டுமென்றால் லேப்டாப்தான் சரி. வீட்டிலேயே இருக்கும் என்றால் மேசைக் கம்ப்யூட்டர் நல்லது. அதில் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். சைக்கிளில் டயரை மட்டும் மாற்றுவது போல.

2. பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நம் சமையல் அறையை நினைத்துக் கொள்ளுங்கள்.

பிராசஸர்: இதுதான் சமைப்பவர். எல்லா வேலையையும் செய்வது இது.

ராம்: இது சமையல் மேடை. மேடை பெரிதாக இருந்தால் நாலு வேலையைச் சேர்த்துச் செய்யலாம். சிறிதாக இருந்தால் திணறல்தான். குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். பின்னால் கூட்டிக்கொள்ள ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எஸ்.எஸ்.டி.: இது அலமாரி. படம், பாடம், கணக்கு எல்லாம் இதில்தான் இருக்கும். பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வேகம் குறைவு. அதிர்ச்சியும் தாங்காது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகம் இல்லை. 256 ஜி.பி. இருந்தால் வீட்டுக்குப் போதும்.

மதர்போர்டு: எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை.

பவர் சப்ளை: கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி. பலரும் இதைக் கேட்பதே இல்லை. மட்டமான பவர் சப்ளை கெடும்போது தான் மட்டும் கெடாது. மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நல்ல கம்பெனிப் பெயர் உள்ளதாக, வாரண்டி உள்ளதாக வாங்குங்கள். அதன் மேல் "80 ப்ளஸ்" என்று எழுதியிருந்தால் கரண்டை வீணாக்காத வகை என்று பொருள்.

விளையாட்டுக்கு வேண்டிய தனி கிராபிக்ஸ் கார்டு படிப்புக்கும் கணக்குக்கும் தேவை இல்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

3. மூன்று எண்ணை மறையுங்கள்

கடையில் "ஐ7 இருக்கிறது, ரொம்ப வேகம்" என்பார்கள். அது பாதிப் பெயர்தான். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள்.

இன்டெல் கம்பெனியின் ஐ7-4770 என்பது ஒரு பிராசஸர். 4770இல் கடைசி மூன்று எண்களை விரலால் மறையுங்கள். மீதி 4. அதாவது இது நாலாம் தலைமுறை. 2013இல் வந்தது.

ஐ3-12100 என்பது இன்னொன்று. கடைசி மூன்று எண்களை மறையுங்கள். மீதி 12. இது பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்தது. பெயரில் 3தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழைய ஐ7ஐ விட இது வேகமாக வேலை செய்யும்.

தலைமுறை ஏன் முக்கியம்? விண்டோஸ் என்ற மென்பொருளில்தான் நிறையக் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை செய்வது, பூட்டில்லாத வீட்டில் நகை வைப்பது போல.

அடுத்து வந்தது விண்டோஸ் 11. அதற்கு இன்டெல் பிராசஸர் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரைசன் என்ற வகையிலும் இதே போல மூன்று எண்ணை மறைத்துப் பாருங்கள். மீதி 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. இன்டெல்லில் "அல்ட்ரா" என்று பெயர் வரும் வகைக்கு எண் முறை வேறு. அவை அண்மையில் வந்தவை.

வீட்டில் ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? உடனே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். பல பழைய கம்ப்யூட்டர்கள் அதில் நன்றாக ஓடும். பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கற்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் டி.சி.எஸ். கம்பெனி அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு வேலை தொடங்கியது. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கம்ப்யூட்டர் மூலம் கற்றுக் கொடுத்தார்கள். அதற்குப் பழைய கம்ப்யூட்டர்களையே பயன்படுத்தினார்கள். பழையது என்றால் பயனற்றது என்று பொருள் இல்லை.

தமிழிலும் கன்னடத்திலும் எழுதும் வசதி விண்டோஸிலும் லினக்ஸிலும் கூடவே வருகிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

4. புதிதா? கை மாறியதா?

பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்ற கடைவீதி உண்டு. பழைய கம்ப்யூட்டருக்குப் பெயர் போன இடம். ஆபீஸ்களில் சில வருடம் ஓடியவை அங்கே விற்பனைக்கு வரும். மைசூர்க் கடைகளிலும் இப்படிப்பட்டவை கிடைக்கும். விலை குறைவு. பார்த்து வாங்கினால் நன்றாக உழைக்கும்.

கடையில் பேச்சு கன்னடத்தில் நடக்கலாம். கேட்க வேண்டியது இதுதான்:

அம்மா: அண்ணா, இது எந்தத் தலைமுறை?

கடைக்காரர்: ஐ5 அம்மா. ஆபீஸில் ஓடியது. நல்ல சரக்கு.

அம்மா: முழு எண்ணைக் காட்டுங்கள்.

கடைக்காரர்: இதோ, ஐ5-8500.

அம்மா: மூன்றை மறைத்தால் 8. சரி. அலமாரி, அதுதான் எஸ்.எஸ்.டி., புதியதா?

கடைக்காரர்: பழையதுதான் அம்மா.

அம்மா: அப்படியென்றால் புதியது போட்டு விலை சொல்லுங்கள். பவர் சப்ளை கெட்டால் அதே அளவில் வேறு கிடைக்குமா?

கடைக்காரர்: இந்தச் சின்னப் பெட்டிக்குக் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். அந்தப் பெரிய பெட்டிக்கு எங்கேயும் கிடைக்கும்.

அம்மா: பெரியதையே காட்டுங்கள் தம்பிக்கு. அரை மணி நேரம் ஓடட்டும். சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுவோம்.

பார்த்தீர்களா? அந்த அம்மா ஐந்து கேள்வி கேட்டார். கடைக்காரர் ஒளிக்காமல் பதில் சொன்னார். கேட்டால்தான் பதில் வரும்.

5. ரசீதை வாசித்த பிறகு காசு

துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று வாசியுங்கள். கடையின் பெயரும் முகவரியும், ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணும், வாரண்டி எத்தனை வருடம், கொடுத்த தொகை. கை மாறியது வாங்கினாலும் வாரண்டியை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வாரண்டி காற்றோடு போகும்.

தவணையில் வாங்குகிறீர்களா? ஒரு பெருக்கல் போடுங்கள். மாதம் 3,000 ரூபாய். 12 மாதம். மொத்தம் 36,000. பொருளின் விலை 30,000 என்றால், 6,000 ரூபாய் அதிகம் கட்டுகிறீர்கள். தெரிந்து கட்டுங்கள்.

வாரண்டி இருந்தும் சரி செய்து தர மறுக்கிறார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்து புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். பிரச்சினை வந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது கையில் இருக்க வேண்டும்.

6. வாங்கிய பிறகு

தூசிதான் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ஊதுபத்தி, அடுப்புப் புகை படும் இடமும் வேண்டாம். காற்றுப் போகும் ஓட்டைகளைத் துணியால் மூடாதீர்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள்.

எர்த் உள்ள மூன்று முள் பிளக் போடுங்கள். முடிந்தால் யு.பி.எஸ். வாங்குங்கள். கரண்ட் போனாலும் எழுதியதைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். இடி மின்னல் வரும்போது பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

முக்கியமான பாடங்களையும் சான்றிதழ்களையும் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். ஒரு வருடம் எழுதிய கணக்கைக் கடையில் வாங்க முடியாது.

யோசியுங்கள், செய்யுங்கள்

1. ஐ3-10100, ஐ5-6500. இரண்டிலும் கடைசி மூன்று எண்களை மறையுங்கள். எது விண்டோஸ் 11க்கு ஏற்றது?

2. ஒரு கம்ப்யூட்டர் 24,000 ரூபாய். 6 வருடம் உழைக்கிறது. வருடத்துக்கு எவ்வளவு?

3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: சமையல் மேடை போன்றது ________. அலமாரி போன்றது ________.

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளின் ரசீதை எடுங்கள். வாரண்டி எத்தனை வருடம்? இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது? உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

5. நீங்கள் கம்ப்யூட்டர் வாங்குவதானால் கடையில் கேட்கும் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள்.