போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சில் தாளளவுப் பிழையும் அதனைக் களையும் நெறியும்

ஓலையில் எழுதுவோன் முதற்கண் ஓலையின் நீள அகலங்களைக் கண்டு, அதன் பின்னரே எழுத்தாணியைக் கையிலெடுப்பான். அளவறியாது எழுதப் புகின் வரி ஏட்டின் எல்லை கடந்து பாழாதல் ஒருதலை. கணிப்பொறி கொண்டு அச்சிடுவார்க்கும் இவ்வுண்மை பொருந்துவதே. ஆயினும், ஆங்கு எழுதுவோன் ஒருவனே அளவையும் அறிந்தான். ஈண்டோ அளவைக் கூறுவோர் பலராயினர். அவருள் ஒருவர் கூற்று மற்றவர் கூற்றோடு மாறுபடும்போது பிழை பிறக்கின்றது. அப்பிழையின் இயல்பையும் அதனைக் களையும் நெறியையும் யாம் ஈண்டுச் சுருங்க ஆராயப் புகுகின்றாம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது பக்கத்தின் வடிவை அச்சுப்பொறிக்கு எடுத்துரைக்கும் ஒரு கணிமொழி. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்னும் இருவர் 1982-இல் நிறுவிய அடோபி நிறுவனம் இதனை 1984-இல் வெளியிட்டது. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் வாயிலாக இது பரவிற்று. இம்மொழியின் அளவை பாயிண்ட் எனப்படும். 72 பாயிண்ட் கொண்டது ஓர் அங்குலம். பக்கத்தின் இடக் கீழ்மூலையே இதற்குத் தொடக்கம்; ஆண்டிருந்து வலப்புறமும் மேற்புறமும் அளவு வளரும். இவ்வொன்றை நினைவிற் கொள்வார்க்குப் பின்வருவன யாவும் எளிதின் விளங்கும்.

உலகில் பெருவழக்காய் நிற்கும் தாள்கள் இரண்டு. இந்தியா முதலிய பல நாடுகளில் வழங்குவது ஏ4. அது 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உடையது; பாயிண்ட் கணக்கில் ஏறத்தாழ 595-க்கு 842. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வழங்குவது லெட்டர்; அது எட்டரை அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் உடையது; பாயிண்ட் கணக்கில் 612-க்கு 792. எனவே, ஏ4 தாள் லெட்டரினும் 17 பாயிண்ட் குறுகியது. 50 பாயிண்ட் நெடியது. கண்ணுக்கு ஒத்தனபோலத் தோன்றும் இவ்விரண்டின் வேற்றுமையே பெரும்பாலான இடர்களுக்கு வித்து.

இனி, அளவு கூறுவோர் யாவர் எனின், நால்வர் என்க. முதலாவது, ஆவணத்தின் பக்க அமைப்பு. இரண்டாவது, டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருளில் குறித்த தாள். மூன்றாவது, பி.பி.டி. எனப்படும் அச்சுப்பொறி விவரக் கோப்பு. அப்பொறி ஏற்கும் தாள்கள் யாவை, ஒன்றும் குறிக்காவிடத்துக் கொள்ளத்தக்கது யாது, அச்சுப் படியும் எல்லை எத்துணை என்பன அதன்கண் எழுதப்பட்டிருக்கும். நான்காவது, பொறியின் தட்டில் இன்ன தாள் உள்ளது என அப்பொறியிலேயே பதிந்த குறிப்பு. தட்டில் மெய்யாகவே கிடக்கும் தாள் வாய் பேசாது; ஆயினும் முடிவில் வெல்வது அதுவே.

மருத்துவர் குறி கண்டு நோயறிதல் போல, அச்சிட்ட தாளைக் கண்டே பிழையின் இடத்தை உய்த்துணரலாம். அளவுக் கட்டளை பொறியைச் சேராமல், ஏ4-க்கு அமைத்த பக்கம் லெட்டர் தாளில் அவ்வாறே விழின், கீழ்மூலை தொடக்கமாதலின் கீழ் ஓரம் செவ்வனே நிற்க, மேற்புறம் ஏறத்தாழ 18 மி.மீ. வெட்டுண்ணும். லெட்டருக்கு அமைத்தது அவ்வாறே ஏ4-இல் விழின், மேலே வெற்றிடம் மிகும். வலப்புறம் 6 மி.மீ. அளவு மறையும். யாதும் வெட்டுண்ணாது எழுத்து முழுவதும் சிறுத்திருப்பின், இடையில் ஒருவர் பக்கத்தைச் சுருக்கினர் என்பது தெளிவு. பொறி யாதும் அச்சிடாது தாள் வேண்டி நிற்பின், கேட்கப்பட்ட தாள் எத்தட்டிலும் இருப்பதாகப் பதியப்படவில்லை என்று கொள்க. ஹியூலட் பாக்கர்டு லேசர்ஜெட் பொறிகள் சிலவற்றில் தோன்றிய 'பிசி லோடு லெட்டர்' என்னும் தொடர் பலரை மயக்கிற்று. தாள் தட்டில் லெட்டர் தாளை இடுக என்பதே அதன் பொருள்.

ஒரே ஆவணம் இரு பொறிகளில் இருவேறாக வருதற்குக் காரணம் யாது? 1991-இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டாம் நிலையில், கேட்ட தாள் இல்லாவிடத்துச் செய்யத்தக்கதை எண்ணால் குறிக்கும் விதி அமைந்தது. 0 எனின் பிழை கூறி நிற்கும். 1 எனின் அக்கட்டளையைப் புறக்கணிக்கும். 2 எனின் இயக்குவோரை வினவும். 3 எனின் அண்மை அளவுடைய தாளைத் தேர்ந்து பக்கத்தை அதற்கு இயைய அமைக்கும். பொறிதோறும் இவ்விதி வேறுபடலாம். ஆதலின் விளைவும் வேறுபடும்.

களையும் முறை வருமாறு. முதற்கண், 100 மி.மீ. நீளமுள்ள கோடொன்றும் பக்கத்தின் நான்கு ஓரங்களை ஒட்டிய கட்டமும் உடைய சோதனைத் தாளை அச்சிடுக. கோடு 94 மி.மீ. அளவாய் நிற்பின், ஏ4 பக்கம் லெட்டருக்குச் சுருக்கப்பட்டது என ஐயுறலாம். 792-ஐ 842-ஆல் வகுப்பின் வருவது அவ்விகிதமே. அங்ஙனமாயின், அச்சிடும் சாளரத்தில் 'தாளுக்குப் பொருத்துக' என்பதை விலக்கி 'மெய்யளவு' என்பதைத் தேர்க. அடுத்து, ஆவணம், இயக்கி, விவரக் கோப்பு, பொறியின் தட்டுக் குறிப்பு என மேற்கூறிய வரிசையிலேயே நான்கையும் நோக்குக. விண்டோஸில் ஒருவர்க்கே உரிய விருப்பமும் அனைவர்க்கும் பொதுவாகிய இயல்பமைப்பும் வெவ்வேறிடத்தன. ஒன்றைத் திருத்தி மற்றதை மறத்தலாகாது. எத்தட்டில் எத்தாள் என்னும் அட்டவணையும் ஆங்கே போஸ்ட்ஸ்கிரிப்ட் இயக்கியின் கருவி அமைப்பில் உண்டு. விவரக் கோப்பு வேறு பொறிக்குரியதாயின், உரியதனை நிறுவுக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி மீண்டும் சோதிக்க. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் எது நோய், எது மருந்து என அறியார்.

இஃது அற்பமான செய்தி அன்றோ எனச் சிலர் கருதலாம். 100-க்கு 1 என்னும் விகிதத்தில் வரைந்த கட்டட வரைபடம் சுருங்கி அச்சாயின், 10 மீட்டர்ச் சுவரை அளவுகோல் 9.4 மீட்டர் எனக் காட்டும். எழுத்துத் தெளிவாய் இருத்தலின் எவரும் ஐயுறார். தமிழ் அச்சிலோ இடர் வேறு வகைத்து. முதல் வரியின் தலை வெட்டுண்டால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கல்' என்பது 'கல' என நிற்கும். வெளிப்படையாய்க் கெட்ட தாளைக் கிழித்தெறிவோம். செம்மை போலத் தோன்றும் பிழையே கற்பாரை ஏமாற்றும். ஆதலின், ஆய்வுரையோ வினாத்தாளோ நூறு படி எடுக்குமுன் ஒரு படி எடுத்து, அளவுகோல் கொண்டு அளந்து, மேல் வரியை எழுத்தெழுத்தாய் நோக்குதல் நம்மனோர் அனைவர்க்கும் கடனாம்.