காட்சிக்கு ஒலி சேர்ப்போம்

மாணவர்களே, கைப்பேசியில் நீங்கள் எடுத்த மழைக் காட்சியில் பெரும்பாலும் மழையொலியைவிடக் காற்றின் இரைச்சலே மிகுந்திருக்கும். அதனால்தான் திரைக்கலைஞர்கள் வேண்டிய ஒலிகளைத் தனியே உருவாக்கிக் காட்சியோடு இணைக்கின்றனர். அமெரிக்கரான ஜாக் ஃபோலி (1891–1967) இக்கலையின் முன்னோடி. அவர் பெயராலேயே இக்கலை வழங்கப்படுகிறது. தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குதிரையின் குளம்பொலியை எழுப்புவது இதில் புகழ்பெற்ற முறை.

காணொளித் தொகுப்பு மென்பொருளில் படத்திற்கு ஒரு தடமும் ஒலிக்கு வேறொரு தடமும் உண்டு. கதவு மூடும் காட்சியில், கதவு நிலையைத் தொடும் அதே படத்தில் ஒலி தொடங்குதல் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் ஓடும் காணொளியில் ஒலி 5 படங்கள் பிந்தினால் 0.2 நொடி தவறும். காண்போர் அதனை உடனே உணர்வர்.

பதிவுசெய்த ஒலிகளுக்குப் பெயரிடத் தமிழில் இரட்டைக்கிளவிகள் உள்ளன: மழை ‘சடசட’, ஓடை ‘சலசல’, சிரிப்பு ‘கலகல’. இச்சொற்கள் இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தாரா.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் கேட்கும் மூன்று ஒலிகளைப் பதிவுசெய்து, இரட்டைக்கிளவியால் பெயரிடுக.

2. பெயர் தெரியாத ஒலியை ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பி, அதற்குரிய சொல்லைக் கேட்டு எழுதுக.