கிராநோலா: இனிப்பையும் அளந்து போடுவோம்

சரஸ்வதி பூசைக்குப் பொரி, அவல், கடலை, வெல்லம் கலந்து கையில் கொடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பேரங்காடியில் விற்கும் கிராநோலாவும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அவலுக்குப் பதில் ஓட்ஸ், வெல்லத்துக்குப் பதில் தேனோ சீனிப்பாகோ சேர்த்து, ஓவனில் வாட்டியிருப்பார்கள். காலைப் பசியாறலுக்கு இதை நாமே வீட்டில் செய்யலாம். அதற்கு முன் நான் செய்த தவறைச் சொல்லிடுறேன்.

போன செமஸ்டர் விடுமுறையில் 300 கிராம் தேன் ஊற்றி கிராநோலா செய்தேன். "பாட்டி, இதுல சீனியே இல்ல, எல்லாம் இயற்கை" என்று சொல்லிக் கொடுத்தேன். பாட்டிக்குப் பல வருஷமா இனிப்பு நீர். என்னை நம்பி காலையில் ஒரு கிண்ணம், சாயந்திரம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாங்க. அன்று இரவு விரலில் குத்திப் பார்த்தால், அளவு எக்கச்சக்கமா ஏறியிருந்தது. பாட்டி திட்டவில்லை. "தேன் இனிக்குதுல்ல, அப்புறம் எப்படிப்பா சீனி இல்லன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டேன். தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரை. 300 கிராமில் 240 கிராம். பத்துக் கிண்ணமாகப் பிரித்தால் கிண்ணத்துக்கு 24 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், தேனும் பாகும் சீனியோடு ஒரே கணக்கில்தான் வருகின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது அது. குலா மெலாக்கா, வெல்லம் இரண்டிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மணமும் நிறமும் வேறு, அவ்வளவுதான்.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2019 தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் இது பாட்டியின் பிரச்சினை மட்டும் இல்லை.

இப்போது நான் செய்யும் முறை இதுதான் (10 கிண்ணத்துக்கு):

ஓட்ஸ் 300 கிராம், நிலக்கடலை அல்லது பாதாம் 100 கிராம், பூசணி விதையும் எள்ளும் சேர்த்து 50 கிராம், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, குலா மெலாக்கா 60 கிராம், தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பட்டைத்தூள், ஏலக்காய், கால் தேக்கரண்டி உப்பு.

1. குலா மெலாக்காவை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, எண்ணெய், உப்பு, வாசனைப் பொடிகள் சேர்க்கவும்.

2. மற்ற எல்லாவற்றிலும் இதை ஊற்றி, நன்றாகப் பிசிறித் தட்டில் மெல்லிசாகப் பரப்பவும்.

3. 150 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வாட்டவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறவும். ஓவன் இல்லையா? கனமான வாணலியில் சிறுதீயில் 15 நிமிடம் விடாமல் வறுக்கலாம்.

4. பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். பாகு ஆறும்போதுதான் இறுகி மொறுமொறுப்பு வரும். "இன்னும் மொறுமொறுன்னு ஆகலையே" என்று விட்டுவைத்தால் கருகிவிடும்.

5. முழுசா ஆறிய பிறகே போத்தலில் போட்டு இறுக மூடவும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் வெக்கையில் திறந்து வைத்தால் ஒரே நாளில் நமுத்துவிடும்.

இதில் சேர்த்த இனிப்பு கிண்ணத்துக்கு 6 கிராம்தான். வறுத்த தேங்காயும் பட்டையும் இருப்பதால் குறை தெரியாது. ஆனால் ஓட்ஸும் மாவுச்சத்துதான். இனிப்பு நீர் உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். பாட்டி இப்போது மூன்று கரண்டி அளந்து, தயிரில் போட்டுச் சாப்பிடுறாங்க.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், அளவு மீறி உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் இல்லை என்கிறான். சமய வகுப்பில் படித்தபோது அது தியானத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். சமையலறைக்கும் அதுதான் பாடம். "இயற்கை" என்று சொல்லிவிட்டால் அளவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டில் "இயற்கை" என்று எழுதியுள்ள ஏதாவது ஓர் உணவுப் பொட்டலத்தை எடுங்கள். 100 கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்.