வாடகைக்கு வரும் விமானங்கள்

நாவலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மீனம்பாக்கம் செல்லும் விமானங்களைக் காணலாம். நம் நாட்டு நிறுவனங்கள் ஓட்டும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை என்று அறிந்து வியந்தேன்.

விமானத்தை மட்டும் பெற்று, விமானி, பராமரிப்பு, காப்பீடு யாவும் நாமே பார்த்துக்கொண்டால் அது 'டிரை லீஸ்'. வாடகை வீடு போன்றது. விமானிகளும் பணிப்பெண்களும் சேர்ந்தே வந்தால் 'வெட் லீஸ்'. (பெயர்தான் விந்தை!) இது டிரைவருடன் கார் அமர்த்துவது போல, எரிபொருள் நம் செலவு. இலங்கையின் ஏர் லங்கா 1979இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707களுடன்தான் தொடங்கியது.

குடியிருப்பவர் நொடித்துப்போனால் வீட்டுக்காரர் கதி என்ன? 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு கொடுத்துப் பறப்பதை நிறுத்தியது. அதனிடமிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்று தடை வந்தது. விமானங்களோ வெளிநாட்டாருடையவை. 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவை நீக்கினால்தான் அவற்றை மீட்க முடியும். ஏறத்தாழ ஓராண்டு அவை தரையிலேயே நின்றன. 2024 ஏப்ரலில்தான் தில்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025இல் சொந்தக்காரர் உரிமையைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றினார்கள். அவர்கள் பயந்து வாடகையை ஏற்றினால், அது நம் டிக்கெட்டில்தானே வந்து விழும்!